சாய்வு நிப்பும் பிள்ளையார் சுழியும்

பழைய பவுண்டன் பேனா விற்கிறவனுக்கு வாடிக்கையாளர்கள் இரண்டு வகை: எழுதுவதற்காக வாங்கிப் போகிறவர்கள், எழுதவில்லை என்று திரும்பி வருகிறவர்கள். சாய்வு நிப்பு விற்கிறவனுக்கு முதல் வகை கிடையாது.

என் கடை சிங்கப்பூர்த் தேக்காவில், டன்லப் ஸ்திரீட்டில் இருக்கிறது. கடை என்று நான் சொன்னால் செல்வி திருத்துவாள். அரைக்கடை. மறுபாதியில் செல்வி பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறாள், நகல் போடுகிறாள், கையில் அகப்பட்டதையெல்லாம் லேமினேட் செய்கிறாள். நடுவில் தடுப்பு ஒன்றும் இல்லை. ஆகவே என்னிடம் வருகிறவர்கள் சொல்லும் குறைகள் அத்தனைக்கும் அவள்தான் சாட்சி. சில சமயம் அவர்கள் மறந்துவிட்ட குறையை எடுத்துக் கொடுப்பதும் உண்டு.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண நிப்பின் நுனி உருண்டையாக இருக்கும். எப்படிப் பிடித்தாலும் எழுதும், கோபித்துக்கொள்ளாது. சாய்வு நிப்பின் நுனியைக் குறுக்கே சரிவாக வெட்டியிருப்பார்கள். பேனாவை இடப்பக்கமாக ஒரு நூலளவு உருட்டிப் பிடித்தால் அந்த வெட்டு தாளில் தட்டையாக உட்காரும். ஒரு கோடு தடித்து, ஒரு கோடு மெலிந்து, நம் கையெழுத்தா என்று நமக்கே சந்தேகம் வருகிற மாதிரி எழுத்து வரும். நேராகப் பிடித்தால் ஒரு மூலை மட்டும் தாளைத் தொடும். முதலில் கீறும், பிறகு விட்டு விட்டு எழுதும், அப்புறம் எழுதவே எழுதாது. உங்கள் மேசை இழுப்பறையிலும் அப்படி ஒரு பேனா கிடந்தால், நீங்களும் நம்ம ஆள்தான். ஒரு கோப்பி சொல்லிவிட்டுப் படியுங்கள்.

தேய்ந்துபோன நிப்பு

புக்கிட் மேராவிலிருந்து ஒருவர் வந்தார். இணைய ஏலத்தில் எடுத்த பேனா. மூடியைக் கழற்றி நிப்பை என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஒரு பக்கம் தேய்ந்து போயிருக்கிறதாம், முன்னால் வைத்திருந்தவன் என்னத்தைத்தான் எழுதினானோ என்றார். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். தேயவும் இல்லை, உடையவும் இல்லை. தொழிற்சாலையில் வெட்டிய வெட்டு அப்படியே பத்திரமாக இருந்தது.

அவர் கையிலேயே பேனாவை வைத்து, இரண்டு விரலால் லேசாக உருட்டிவிட்டு, “இப்ப எழுதுங்க” என்றேன். எழுதினார். அழகாக வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அதற்குள் பேனா பழைய நிலைக்கு உருண்டுவிட்டது. மறுபடி உருட்டினேன். மறுபடி எழுதினார். நான்காம் தடவை பேனாவை மூடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “பேனா மனசு கோணாம நான்தான் வளைஞ்சு கொடுக்கணும்னா, இதுக்கு நான் கல்யாணமே பண்ணியிருக்கலாமே லா.”

எந்தக் கால்?

சாய்விலும் இரண்டு உண்டு. இடது பாதத்து விரல்கள் பெருவிரலிலிருந்து சுண்டுவிரலுக்குச் சரிகிற மாதிரிச் சரிந்தால் இடக்கால் சாய்வு. வலது பாதம் போலச் சரிந்தால் வலக்கால் சாய்வு. என்னை அப்படிப் பார்க்காதீர்கள், பெயர் வைத்தது நான் இல்லை.

ஒரு பெண்மணி வந்து, தான் இடதுகைக்காரி என்றும் அதனால் இடச்சாய்வுதான் வேண்டும் என்றும் கேட்டார். இடது என்பது கை இல்லை, கால் என்றேன். கையால் எழுதுவதற்குக் கால் எதற்கு என்றார். நியாயமான கேள்வி. வாயால் விளக்கிப் பார்த்தேன், படம் போட்டு விளக்கிப் பார்த்தேன், கடைசியில் வேறு வழியில்லாமல் செருப்பைக் கழற்றி, நாற்காலியில் பாதத்தை வைத்து, விரல்களைக் காட்டி விளக்கினேன். அவர் என் பாதத்தைப் பார்த்தார். வாசலில் இருந்த பெயர்ப்பலகையை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “பாய், இது பேனாக் கடையா, செருப்புக் கடையா?”

சோதனைத் தாள்

பேனாவைச் சோதித்துப் பார்க்க மேசைமேல் எப்போதும் ஒரு வெள்ளைத்தாள் அட்டை வைத்திருப்பேன். முப்பது வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது, புதுப் பேனாவைக் கையில் எடுத்ததும் யாரும் யோசித்து எழுதுவதில்லை என்பது. நம் இந்துக்கள் நேரே பிள்ளையார் சுழி போடுவார்கள். ஒரு ‘உ’. அது சரியாக வந்தால்தான் பெயர் எழுதுவார்கள். எங்கள் ஆட்கள் 786 போடுவார்கள். சீனர்கள் ஒரே கோட்டைத் திரும்பத் திரும்ப எட்டு மாதிரிச் சுழிப்பார்கள். அலுவலகத்துப் பிள்ளைகள் கையெழுத்துப் போடுவார்கள், அதை வேறு யாரும் படிக்க முடியாது.

மாதக் கடைசியில் நிரம்பிய தாளைக் கிழித்துப் போடப் போனேன். செல்வி கையைப் பிடித்துத் தடுத்தாள். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “நாலு மதம் இருக்கு, நாலு மொழி இருக்கு, யாரும் யார் மேலயும் ஏறி எழுதல. குடுங்க பாய், லேமினேட் பண்ணித் தரேன், தேசிய தினத்துக்கு மாட்டலாம்.”

நான் செய்யாத ஒரு வேலை

சாய்வு நுனியை உப்புத்தாளில் தேய்த்து நேராக்கிவிடலாம். பத்து நிமிஷ வேலை. ஆனால் நிப்பு நுனியில் இருக்கிற கடின உலோகம் கடுகில் பாதிகூட இருக்காது. தேய்த்தது தேய்த்ததுதான், திரும்ப ஒட்ட முடியாது. அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெட்டிய வெட்டை நான் பத்து நிமிஷத்தில் அழிக்கமாட்டேன். இது என் கொள்கை. எனக்கு இருக்கிற ஒரே கொள்கை.

ஒரு வங்கி அதிகாரி வந்து சாதாரணமாக, “கொஞ்சம் தேய்ச்சு நேராக்கிக் குடுங்க” என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். வரலாறு, மரியாதை, கைவேலை என்று ஐந்து நிமிஷம் பேசியிருப்பேன். அன்று சாயங்காலமே ‘சாய்வு நிப்பு நேராக்கித் தரப்படமாட்டாது’ என்று எழுதி, செல்வியிடம் லேமினேட் செய்து சுவரில் மாட்டினேன். அந்த அதிகாரி போகும்போது வாசலில் நின்று சொன்னது இது: “பேனாவைத்தானே பாய் கேட்டேன், என்னமோ உங்க கிட்னியைக் கேட்ட மாதிரி!”

ஓ.பி.

நிப்பின் மேல் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துப் பொறித்திருப்பார்கள். முதல் எழுத்து ‘ஓ’ என்றால் ஒப்லீக், அதாவது சாய்வு. அடுத்த எழுத்து தடிமன். ‘பி’ என்றால் தடி, ‘எம்’ என்றால் நடுத்தரம். ஜெர்மன்காரன் சுருக்கமாக இருக்கட்டும் என்று நினைத்துச் செய்தது. தேக்காவில் அதை யார் யார் வாசிப்பார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

சென்னையிலிருந்து வேலைக்கு வந்த தம்பி ஒருவன், ஓ.பி. என்று பொறித்த பேனாவைப் பார்த்துத் தயங்கினான். அவன் ஊரில் ஓ.பி. அடிப்பது என்றால் வேலை செய்யாமல் பொழுதை ஓட்டுவதாம். மேனேஜர் தமிழர் வேறு, அர்த்தம் தெரிந்துவிடும் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டான். அதே பேனாவை மறுநாள் நம்மூர் டாக்சிக்காரர் ஒருவர் எடுத்தார். சிங்கப்பூரில் ஓ.பி. என்றால் தாண்டக்கூடாத எல்லை, பொதுவில் பேசக்கூடாத விஷயம். அவர் ஓ.பி.யைப் படித்ததும் முகம் மலர்ந்தது. “நல்லதாப் போச்சு பாய். கோவத்துல பத்திரிகைக்கு லெட்டர் எழுதுவேன். இதுல எழுதினா, எங்க நிறுத்தணும்னு அதுவே நிறுத்திக்கும்ல?”

ஓ.எம்.

இனி வருவதுதான் நான் சொல்ல வந்தது. சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இராமலிங்கம் காத்தோங்கில் இருக்கிறார். முப்பது வருஷம் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளின் மேல் ஊர்ப்பெயர் எழுதும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் தேன்மொழி. அவளுடைய கல்யாணப் பதிவு இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது. முதல் தடவை மாப்பிள்ளையை அலுவலகத்தில் ஜகார்த்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை, தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது, தேன்மொழியின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். மூன்றாவது தேதி குறித்தாயிற்று, அதற்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. இந்தத் தடவை ஒரு குறையும் வரக்கூடாது என்று இராமலிங்கம் பயந்துபோயிருந்தார். பெண்ணுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடப்போவது அவர்தான். அதற்கு ஒரு நல்ல பேனா தேடி வந்தவர், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கறுப்புப் பேனாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். தங்க நிப்பு. அதில் ஓ.எம். என்று பொறித்திருந்தது.

“ஓம்,” என்று வாசித்தார். பேனாவை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு மனிதர் கண்ணை மூடியிருக்கும்போது குறுக்கே பேசுவது மரியாதை இல்லை. ஆனால் அவர் கண்ணைத் திறந்தபோது நான் சொல்லியிருக்கலாம். ஐயா, அது ஓம் இல்லை, நடுத்தரச் சாய்வு. ஆறே வார்த்தை. அந்த முகத்தைப் பார்த்தேன், என் வாய் திறக்கவில்லை. பில் புத்தகத்தை எடுத்தேன். செல்வி நகல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பதிவை இங்கே எல்லோரும் ஆர்.ஓ.எம். என்றுதான் சொல்கிறோம். இராமலிங்கம் பேனாவைப் பைக்குள் வைத்தபடியே சொன்னார்: “ஆர்.ஓ.எம்.லயே ஓம் இருக்கு பாருங்க பாய். முதல் எழுத்துதான் கவர்மெண்டோடது, மிச்சம் நம்மளோடது.”

பொட்டு

ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். பேனா எழுதவே இல்லையாம். வாங்கிப் பார்த்தேன். நிப்பின் நடுவில் காற்றுப் போவதற்கு ஒரு சின்னத் துளை இருக்கும். அதற்கு மூச்சு அடைத்தால் மை இறங்காது. அந்தத் துளையின் மேல் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். வெள்ளிக்கிழமை சாமிமாடத்தில் வைத்துப் பொட்டு வைத்திருக்கிறார். நிப்பைப் பார்த்தால் நெற்றி மாதிரியும் துளை பொட்டு வைக்கிற இடம் மாதிரியும்தான் இருக்கிறது. அவரைக் குறை சொல்ல முடியாது.

இத்தனை வருஷத்தில் நிப்புகளிலிருந்து காய்ந்த மை, பூனைமுடி, ஒரு தடவை காயா ஜாம்கூட எடுத்திருக்கிறேன். சந்தனம் அதுதான் முதல் தடவை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஊதி, கழுவி, துடைத்துக் கொடுக்க ஒரு மணி நேரம் ஆனது. வாசனை மட்டும் போகவில்லை. இனிமேல் பேனாவுக்குப் பொட்டு வைக்க வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல், மூடியின் மேல் வைத்தால் போதும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “தொப்பி மேல பொட்டு வச்சா, உள்ள இருக்கறவருக்குத் தெரியுமா பாய்?”

மூன்று சனிக்கிழமைகள்

கழுவிய பேனாவை வாங்கி, சோதனைத் தாளில் பிள்ளையார் சுழி போட்டார். ‘உ’ பாதியில் அறுந்தது. மறுபடி போட்டார். தலை வந்தது, வால் வரவில்லை. மூன்றாவதில் வால் மட்டும் வந்தது. பெட்டிமேல் எழுதிப் பழகிய கை, பேனாவை ஆணி அடிக்கிற மாதிரி நேராகப் பிடித்தது. சாய்வு நிப்புக்கு அது ஆகவே ஆகாது. சுழி அறுந்ததைப் பார்த்து அவர் முகம் போன போக்கை என்னால் தாங்க முடியவில்லை. அவருக்கு அது மை பிரச்சினை இல்லை, சகுனம். அந்தச் சகுனத்தை விற்றவன் நான்.

சனிக்கிழமை தோறும் வரச் சொன்னேன். அவர் கையைப் பிடித்து, பேனாவை உருட்டி, எழுதவைத்தேன். என் விரல் இருக்கும்வரை ‘உ’ முழுசாக வரும், எடுத்தால் அறுந்துவிடும். ஒரு சனிக்கிழமை, வேறு பேனா தருகிறேனே என்று கேட்டுப் பார்த்தேன். ஓம் போட்டது வேறு இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, எல்லாமே சாய்வுதான். இன்னொரு சனிக்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டு வந்தேன். அன்று அவர் எனக்காக வடை வாங்கி வந்திருந்தார். மூன்றாம் சனிக்கிழமை, ஒரு பக்கம் நிறைய அறுந்த சுழிகளைப் பார்த்துவிட்டு, பேனாவை மெதுவாகக் கீழே வைத்துச் சொன்னார்: “ஆயுசு பூரா நேரா நின்னவன் பாய் நான். இப்ப போயி சாயுங்கறீங்களே.”

அவர் போன பிறகு, நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று செல்வியிடம் முனகினேன். அவள் யாருடைய அடையாள அட்டையையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பொய் சொல்லியிருந்தா மன்னிப்புக் கேக்கலாம் பாய். நீங்க வாயே திறக்கல, எதுக்குன்னு கேப்பீங்க?”

மதியச் சாப்பாட்டு நேரம்

புதன்கிழமை மதியம் ஒரு பெண் வந்தாள். தஞ்சோங் பகாரில் வேலை, கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது, எம்.ஆர்.டி. ரயில் பிடித்து வந்த வேகம் மூச்சில் தெரிந்தது. தேன்மொழி என்றாள்.

“அங்கிள், ஓ.எம்.னா ஒப்லீக் மீடியம்தானே? கூகுள் பண்ணிட்டேன்.”

ஆமாம் என்றேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். பக்கம் பக்கமாக ‘உ’. ஒன்றும் முழுசாக இல்லை. ஒவ்வொரு நாளும் அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறாராம். முந்தின நாள், தேதியை இன்னொரு தடவை மாற்றலாமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். சுழியே ஓடாத பேனாவை வைத்துக்கொண்டு பெண்ணை எப்படி அனுப்புவது என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே முகம் சுளித்திருக்கிறார்கள். மூன்றாவது தடவை தள்ளினால் கல்யாணமே நின்றுபோகலாம். இத்தனைக்கும் இந்தக் காலத்தில் பதிவெல்லாம் கணினியில் முடிந்துவிடுகிறது. சான்றிதழ் கைப்பேசிக்கே வந்துவிடும். படம் பிடிப்பதற்காக ஓர் அலங்காரத் தாளில்தான் கையெழுத்துப் போடப்போகிறார்கள்.

“நான் போயி அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்மா,” என்றேன். இந்தத் தடவை நிஜமாகவே சொல்லியிருப்பேன். அவள் பதறிப்போய்த் தலையாட்டினாள். அது ஓம் இல்லை என்று தெரிந்தால் அதையே பெரிய சகுனத்தடையாக எடுத்துக்கொள்வார் என்றாள். இராமலிங்கம் கழுவச் சொல்லிக் கொடுத்தனுப்பிய பேனாவை என் முன்னால் வைத்தாள். மணியைப் பார்த்தாள், சாப்பாட்டு நேரம் முடியப்போகிறது. “எங்கப்பாவை மாத்த முடியாது அங்கிள், நான் ட்ரை பண்ணிட்டேன். பிளீஸ், பேனாவை மாத்துங்க.”

உப்புத்தாள்

அவள் போன பிறகு பேனாவைப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தேன். மிக நல்ல வெட்டு. நான் விற்ற சாய்வு நிப்புகளிலேயே அதுதான் சுத்தமானது. சுவரில் நான் எழுதிய பலகை தொங்கியது. ஒரு பக்கம் எனக்கு இருக்கிற ஒரே கொள்கை. மறுபக்கம் ஒரு நோட்டு நிறைய அறுந்த சுழி. எழுந்து போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் செல்வி என் பலகையைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தாள். கேட்காமலே செய்திருந்தாள்.

பத்து நிமிஷம்தான். மெல்லிய உப்புத்தாளில் எட்டு எட்டாகச் சுழித்துத் தேய்த்தேன். ஒவ்வொரு சுழிப்புக்கும் நெஞ்சில் ஏதோ உரசியது, மறைக்க விரும்பவில்லை. நுனி உருண்டையானது, கொஞ்சம் ஒல்லியாகவும் ஆனது. மை தொட்டு, ஆணி அடிக்கிற மாதிரி நேராகப் பிடித்து, பழக்கத்தில் 786 போடப் போனவன் நிறுத்திக்கொண்டு, ஒரு ‘உ’ போட்டேன். அறுபது வயதில் நான் போட்ட முதல் பிள்ளையார் சுழி. வாலோடு முழுசாக வந்தது.

துடைத்துவிட்டு நிப்பைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பொறித்த எழுத்து அப்படியே இருக்கிறது. ஆனால் நுனியில் சாய்வு இல்லை, ஆகவே ‘ஓ’ பொய். நடுத்தரமும் இல்லை, ஆகவே ‘எம்’மும் பொய். அந்த இரண்டு எழுத்துக்கும் இந்தப் பேனாவில் மிச்சமிருப்பது ஒரே ஓர் அர்த்தம். இதைச் செல்வியிடம் சொன்னேன். அவள் பேனாவை வாங்கிப் பார்த்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், திருப்பிக் கொடுத்தாள். “அன்னிக்கு வித்தீங்களே, அதை இன்னிக்குத்தான் பாய் டெலிவரி பண்ணியிருக்கீங்க.”

பாஸ்

இராமலிங்கம் வெள்ளிக்கிழமை வந்து பேனாவை வாங்கிக்கொண்டார். எழுதிப் பார்க்கச் சொன்னேன். இப்போது வேண்டாம், நேரே சிலோன் ரோட்டுப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டில் வைத்து எடுத்த பிறகுதான் என்றார். தேய்த்த கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

பதிவு நடந்து இரண்டு நாள் கழித்து வந்தார். கையில் லட்டுப் பெட்டி, சட்டைப்பையில் பேனா, மூடியின் மேல் சந்தனப் பொட்டு. கைப்பேசியில் படம் காட்டினார். தேன்மொழி சிரிக்கிறாள், மாப்பிள்ளை வியர்த்திருக்கிறார், அம்மா ஒரு கையில் கட்டோடு நிற்கிறார். அலங்காரத் தாளில் சாட்சி இடத்தில் முதலில் ஒரு ‘உ’, அதன் கீழே இராமலிங்கம் என்று தமிழில், கடைசிப் புள்ளி உட்பட ஒன்றும் குறையாமல் இருந்தது. பதிவு செய்துவைத்த சீன அம்மையார், ஏன் இரண்டு கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டாராம். இவர் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லியிருக்கிறார்: “செகண்ட் ஒன் மீ, மேடம். ஃபர்ஸ்ட் ஒன், பாஸ்.”

நன்றாக இருக்கட்டும், நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும் என்றேன். மனசாரச் சொன்னேன். இனியும் மறைக்கக் கூடாது, தேய்த்ததையாவது சொல்லிவிடலாம் என்று, “ஐயா, அந்த நிப்பு இப்ப நல்லா எழுதுதுன்னா அதுக்குக் காரணம்...” என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். சோதனைத் தாளில் பேனாவை ஆணி அடிக்கிற மாதிரிப் பிடித்து, ஒரே மூச்சில் ஏழெட்டுச் சுழி போட்டுக் காட்டினார். பிறகு ரொம்பப் பரிவோடு, என் தோளில் தட்டிக் கொடுத்தபடி சொன்னார்: “தெரியும் பாய், சொல்லாதீங்க. நீங்களும் மூணு வாரம் கழுவு கழுவுன்னு கழுவினீங்க, உங்களால முடியல. அதுக்காக வருத்தப்படாதீங்க. பிள்ளையார்கிட்ட பத்தே நிமிஷம் வச்சேன், வழுக்கிட்டு ஓடுது லா!”

ஒடிந்த கொம்பால் உட்கார்ந்து பாரதம் எழுதியவர்தான் அந்தப் பிள்ளையார் என்று செல்வி லட்டைப் பிட்டுக்கொண்டே சொன்னாள். முப்பது வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலைக்கான பேர், சாய்ந்த நுனியின் கஷ்டம் தெரிந்த ஒரே வாடிக்கையாளருக்குப் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.